பிரெயிலில் எழுதியவரின் தாள்கள் அவருக்குப் பிறகு எங்கே போகின்றன?

ஆறுபுள்ளி
சனி, இரவு 9.40

எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஐயா போன மாதம் காலமானார். பிறவியிலேயே பார்வை கிடையாது. பாளையங்கோட்டையில் படித்து, ஆசிரியராகி, ஓய்வு பெற்று, ஊரோடு இருந்தவர். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரெயில் சிலேட்டை, அதாவது கெட்டித் தாளில் ஊசியால் புள்ளி குத்தி எழுதும் சட்டத்தை, மடியில் வைத்துக்கொண்டு எழுதுவார். விடுதியில் நாங்கள் படுத்த பிறகும் அவர் அறையிலிருந்து ஊசி குத்தும் சத்தம் டக் டக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர்கள் நாங்கள்.

பதினாறாம் நாளுக்குப் போயிருந்தேன். வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, அவருடைய அலமாரியை ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம் என்று போனேன். நீட்டிய கை நேராகப் போய்ப் பின்பலகையில் இடித்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஐயாவின் மகளிடம் கேட்டேன். "அப்பாவோட வெறும் தாள் மூட்டை மூட்டையா இருந்துச்சு தம்பி. கெட்டித் தாள்னு பழைய பேப்பர்காரர் எடுத்துக்கிட்டாரு" என்றார்.

அக்கா மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. மை இல்லாத தாளை வெறும் தாள் என்று நினைத்துவிட்டார்கள். அதில் எழுத்து இருக்கிறது என்று அந்த வீட்டில் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

மிச்சம் கிடைத்தது ஒரே ஒரு கட்டு. அரிசி டிரம்முக்கு அடியில் ஈரம் ஏறாமல் இருக்க விரித்திருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாளாக விரலை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். டிரம்மின் கனத்தில் பாதிக்கு மேல் புள்ளிகள் அமுங்கிவிட்டன. படிக்க முடிந்த வரையில் செய்யுள்கள் இருக்கின்றன, விடுதிச் செலவுக் கணக்கு இருக்கிறது, அவருடைய ஆசிரியரைப் பற்றிய நினைவுகள் நாலைந்து பக்கம் இருக்கின்றன. போன மூட்டைகளில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பார்வையற்றோருக்காகப் புத்தகங்களைப் பிரெயிலில் கொண்டுவருவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நல்ல வேலை, வேண்டிய வேலை. செம்மொழி நிறுவனம் சங்க நூல்களைப் பிரெயிலில் கொண்டுவந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் பாதை ஒருபக்கமாகவே போகிறது. பார்வையற்றவர்கள் தாங்களே பிரெயிலில் எழுதி வைத்ததை அச்சுக்கு, கணினிக்கு, அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவர யார் இருக்கிறார்கள்? உங்கள் வீடுகளில், விடுதிகளில் என்ன நடந்தது? இதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.


காலண்டர்த்தாள்
சனி, இரவு 10.05

ஐயாவுக்கு என் அஞ்சலி, தம்பி.

நான் கல்லூரியில் எடுத்த குறிப்புகள் முழுக்கப் பழைய மாதக் காலண்டர் தாளில்தான். பிரெயில் தாள் விலைக்குக் கட்டுபடியாகாது. ஜனவரி பிறந்ததும் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பழைய காலண்டர் கேட்பேன். ஒருபக்கம் முருகன் படம், அதன் மேலேயே என் தொல்காப்பியக் குறிப்பு. கல்யாணத்துக்குப் பிறகு அம்மா வீட்டில் ஒரு வெள்ளையடிப்பில் எல்லாம் போய்விட்டது. பழைய காலண்டர்தானே என்று நினைத்திருப்பார்கள்.


ஏடுதேடி
ஞாயிறு, காலை 7.30

நான் பார்வையுள்ளவன், தமிழ் இலக்கியம் படித்தவன். ஆறுபுள்ளி கேட்ட கேள்வியை இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தமிழில் பார்வையற்ற புலவர்கள் என்றதும் இரட்டைப் புலவர்கள் நினைவுக்கு வருவார்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் நடக்காது. ஒருவர் வெண்பாவின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர் முடித்துவைப்பார் என்பார்கள். தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா எல்லாம் நமக்குக் கிடைத்திருக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் அந்தகக்கவி வீரராகவ முதலியார், செங்கற்பட்டுப் பக்கத்துக்காரர். சேயூர்க் கலம்பகம், திருக்கழுக்குன்றப் புராணம், சந்திரவாணன் கோவை பாடியவர். 19-ஆம் நூற்றாண்டில் பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர், சிறு வயதில் அம்மையில் பார்வை போனவர், சேதுபதி அவையில் சிறப்புப் பெற்றவர்.

இவர்களுடைய பாட்டு நமக்கு வந்து சேர்ந்தது எப்படி? பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர் ஓலையில் எழுதினார். பார்வையுள்ள கை ஒன்று தேவைப்பட்டது. அந்தகக்கவி தன் சீட்டுக்கவி ஒன்றில், அதாவது கடிதமாக அனுப்பிய பாட்டு ஒன்றில், ஆயிரம் கோடி ஏட்டில் எழுதாமல் தன் மனத்திலேயே எழுதிப் படித்தவன் என்று தன்னைப் பற்றிச் சொல்கிறார். அத்தனை பெருமிதம் அதில். முதுகில் எழுத்தை எழுதிக்காட்டச் சொல்லிக் கற்றார் என்றும் ஒரு கதை உண்டு. ஆனால் அவர் அன்றாடம் என்ன நினைத்தார், யாரோடு சண்டை போட்டார், எதற்கு அழுதார் என்று அவரே எழுதி வைத்த தாள் ஒன்றுகூட இருக்க முடியாது. அவையில் சொன்னதும் பிறர் எழுதத்தக்கது என்று நினைத்ததும் மட்டுமே மிஞ்சின. மற்றதெல்லாம் கதையாகிவிட்டது.

லூயி பிரெயில் 1829-இல் தன் முறையை வெளியிட்ட பிறகுதான் பார்வையற்ற ஒருவர் இன்னொருவர் துணையில்லாமல் தன் கையாலேயே எழுதி, எழுதியதைத் தானே திரும்பப் படிக்க முடிந்தது. தமிழ் பேசும் பார்வையற்றவர்களுக்கு அந்த வசதி வந்து நூற்றுச் சொச்சம் வருடம்தான் இருக்கும். இத்தனை நூற்றாண்டு கழித்து முதல்முறையாகக் கிடைத்த சொந்தக் கையெழுத்து அது. அதைத்தான் கிலோ கணக்கில் போட்டுக்கொண்டிருக்கிறோம். அரிசி டிரம்முக்கு அடியில் கிடந்த அந்தக் கட்டு, என்னைப் பொறுத்தவரை, ஒரு சுவடிக்குச் சமம்.


ஆறுபுள்ளி
ஞாயிறு, காலை 8.15

ஏடுதேடி ஐயா, "சொந்தக் கையெழுத்து" என்று நீங்கள் சொன்ன இடத்தில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை நிறுத்தி மறுபடி மறுபடி கேட்டேன். உண்மையிலேயே அதற்குக் கையெழுத்து மாதிரி அடையாளம் உண்டு. ஐயாவின் ஊசி கொஞ்சம் மழுங்கியது. அவர் குத்திய புள்ளி அகலமாக, மெத்தென்று இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஆறு புள்ளி இடங்கள் உண்டு, அவசரத்தில் எழுதினால் அவருக்கு ஆறாம் புள்ளி லேசாக விழும். பெயரில்லாத தாளைக் கொடுத்தாலும் தொட்டவுடன் இது ஐயா எழுதியது என்று நான் சொல்லிவிடுவேன்.


புல்லாங்குழல்வீடு
ஞாயிறு, மதியம் 1.20

எழுத்தோடு நிற்க வேண்டாம், வாசிப்பையும் பாட்டையும் சேர்த்துக்கொள்வோம்.

கும்பகோணம் சரப சாஸ்திரி 1872-இல் பிறந்தவர், பார்வையற்றவர். புல்லாங்குழலைக் கர்நாடக இசையில் தனிக்கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தியவர் என்று அவரைத்தான் சொல்கிறோம். 1904-இல் முப்பத்திரண்டு வயதில் போய்விட்டார். நம் நாட்டில் ஒலிப்பதிவு தொடங்கியதே 1902-இல்தான், அதுவும் கல்கத்தாவில். அவர் வாசிப்பு நமக்கு வந்தது சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் வழியாக. சஞ்சீவ ராவின் இசைத்தட்டைக் கேட்கும்போதெல்லாம் இதில் எவ்வளவு குருவினுடையது என்று நான் யோசிப்பேன். பிரித்துச் சொல்ல வழியில்லை.

இதை மற்ற நாடுகளில் ஓரளவு காப்பாற்றியிருக்கிறார்கள். உக்ரைனில் கோப்சார்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பாடிய பார்வையற்ற பாடகர்கள் இருந்தார்கள். நம் ஊர்க் கதைப்பாடல் மாதிரி நீளமான பாட்டுகளை மனப்பாடமாகப் பாடுவார்கள். ஃபிலாரெத் கொலெஸ்ஸா என்பவர் 1908-இல் மெழுகு உருளைகளோடு போய் அவர்கள் பாடியதைப் பதிந்தார். அதற்குப் பணம் கொடுத்து உதவியவர் கவிஞர் லேஸ்யா உக்ராயின்கா, அவரே அப்போது கடும் நோயாளி. அதற்கும் முன்னால், 1792-இல் பெல்ஃபாஸ்ட்டில் பழைய ஐரிஷ் யாழ்க் கலைஞர்களைத் திரட்டினார்கள். வந்தவர்களில் பாதிப்பேருக்கும் மேல் பார்வையற்றவர்கள். மூத்தவர் டெனிஸ் ஹெம்ப்ஸன், வயது தொண்ணூற்றைந்துக்கு மேல். பத்தொன்பது வயது எட்வர்ட் பன்ட்டிங் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் மீட்டியதைக் குறித்துக்கொண்டான். அந்தச் சில நாள் உட்கார்ந்ததால்தான் அந்த மெட்டுகள் இன்றும் இருக்கின்றன.

நம் ஊரில் எத்தனை மெல்லிசைக் குழுக்கள், எத்தனை ஆர்மோனியக்காரர்கள். மின்சார ரயிலில் பாடியபடி போகிறவர்களிடம் சொந்தமாகக் கட்டிய பாட்டு இருக்கிறதா என்று யாராவது கேட்டிருக்கிறோமா? நான் கேட்டிருக்கிறேன். இருக்கிறது.


கேசட்பெட்டி
ஞாயிறு, இரவு 8.50

தலைப்பில் தாள் என்று இருக்கிறது, ஆனால் என் தலைமுறையில் பாதி விஷயம் கேசட்டில் இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தன்னார்வலர்கள் பாடம் வாசித்துப் பதிந்து தருவார்கள். நாங்கள் அவர்களை ரீடர் என்போம். அது ஒருபக்கம். இன்னொருபக்கம், நண்பர்களுக்குள் கேசட்டிலேயே கடிதம் பேசி அனுப்பிக்கொள்வோம். பார்வையற்றோருக்கான பொதிக்குத் தபால் கட்டணம் கிடையாது என்பதால் காசு செலவில்லாமல் ஊர் ஊராகப் போய்வரும். மதுரையில் ஒருவன் புதுப் பாட்டு போட்டால் பத்து நாளில் சேலத்தில் கேட்போம். வேலை கிடைக்காத வேதனை, காதல், தேர்வில் சொன்னதை விட்டுவிட்டு வேறு எதையோ எழுதிவைத்த ஸ்க்ரைப் மேல் கோபம், எல்லாம் அதில்தான்.

என்னிடம் அறுபத்துச் சொச்சம் கேசட் இருக்கிறது. போன வருடம் எடுத்துப் பார்த்தால் சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை. அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன். பூஞ்சை பிடித்ததை அப்படியே பிளேயரில் போடாதீர்கள், அடுத்ததற்கும் தொற்றும். பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். முக்கியமாக, பாடக் கேசட் என்று எழுதியிருந்தாலும் இரண்டு பக்கமும் கடைசி வரை கேளுங்கள். நாங்கள் ஒரே கேசட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவோம். பொருளாதாரப் பாடம் முடிந்து மிச்சம் இருக்கும் நாலு நிமிடத்தில் பழைய குரல் ஒன்று கிடக்கும். எனக்கு அப்படி ஒரு குரல் கிடைத்தது. இப்போது உயிரோடு இல்லாத என் அறைத் தோழன், தான் எழுதிய பாட்டைப் பாடிப் பார்க்கிறான். நடுவில் நிறுத்தி, "சரியில்ல, மறுபடி" என்கிறான். அதோடு நாடா முடிகிறது.


வலிகாமத்தாள்
திங்கள், காலை 6.10

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப வெளிநாட்டில் இருக்கிறன். எங்கட மாமாவுக்குக் கண் தெரியாது. கொழும்புப் பக்கம் இரத்மலானையில் 1912-இல் தொடங்கின பள்ளிக்கூடத்தில் படிச்சவர். ஊருக்கு வந்த பிறகு பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். பிரெயிலில் கீர்த்தனைகளை எழுதி வைச்சிருந்தார்.

1995 ஒக்டோபர் 30, சண்டையால எங்கட வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது. மழை. சைக்கிளில் ஒரு சாக்குத்தான் கட்டலாம். அச்சுப் புத்தகம் என்றால் பத்துக் கொண்டுபோகலாம். பிரெயில் கட்டு ஒன்று வைச்சால் சாக்கு நிறைஞ்சு போயிடும். அம்மா அரிசியும் உடுப்பும் எடுத்தவ. மாமா ஒன்றும் சொல்லவில்லை. இடம்பெயர்ந்து போன சாவகச்சேரியில் இருந்துகொண்டு ஒவ்வொரு நாளும் ஞாபகத்தில் இருந்ததைத் திரும்ப எழுதப் பார்த்தார், பள்ளிக்கூடக் கொப்பித் தாளில். அது மெல்லிய தாள், குத்தினால் கிழிஞ்சு போயிடும்.

எங்கட யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதைப் பற்றி எல்லாரும் கதைக்கிறோம். கதைக்கத்தான் வேணும். ஆனால் இப்படி வீட்டுக்கு வீடு போனதுகளை யாரும் கணக்கெடுக்கவில்லை. ஆறுபுள்ளி அண்ணா, உங்கட ஐயாவின் கட்டைத் தயவுசெய்து விட்டுவிடாதேங்கோ.


தட்டச்சுக்கை
திங்கள், இரவு 9.30

வலிகாமத்தாள் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் போட முடியவில்லை.

ஆறுபுள்ளி, செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறேன். பள்ளி ஒன்றின் பிரெயில் நூலகத்தில் தன்னார்வலராகச் சில வருடம் இருந்தேன்.

முதலில் அந்தக் கட்டைப் பிரித்துவிடுங்கள். பிரெயில் தாளின் முதல் பகை கனம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலே அடியில் இருப்பது அமுங்கும். அலமாரியில் நிறுத்தித்தான் வைக்க வேண்டும், இறுக்கிக் கட்டக் கூடாது. சுருக்கம் எடுக்கிறேன் என்று இஸ்திரி போட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நல்ல எண்ணத்தில் அப்படிச் செய்துவிட்டார்கள். ஒரு புள்ளி மிஞ்சவில்லை. அடுத்தது ஈரமும் வெள்ளிப்பூச்சியும். வேப்பிலையைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம், தாளில் படாமல்.

அப்புறம் படம் எடுப்பது. நேராக மேலிருந்து வெளிச்சம் அடித்தால் படத்தில் வெள்ளைத் தாள் மட்டும்தான் தெரியும். அறையை இருட்டாக்கிவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து, மேசை மட்டத்துக்குத் தாழ்வாக ஒரே ஒரு விளக்கு வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிழல் விழும். அமுங்கிய புள்ளிக்குக்கூட லேசான நிழல் இருக்கும். விளக்கை வேறு பக்கத்துக்கு மாற்றி இரண்டாவது படம் எடுங்கள்.

படத்திலிருந்து எழுத்தாக மாற்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு விஷயம். புள்ளிகள் எல்லா மொழிக்கும் பொது. ஒன்றும் மூன்றும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் கே, தமிழில் க. மொழியைச் சரியாகச் சொல்லாவிட்டால் மென்பொருள் உளறும். தமிழ்ப் பிரெயிலில் நாம் சொல்லும் ஒலியின் வரிசையிலேயே எழுதுவோம், "கே" என்றால் க போட்டு ஏ. மெய்யெழுத்துக்கு நாலாம் புள்ளி முன்னால் வரும். அச்சில் புள்ளி மேலே, இங்கே முன்னே. இன்னொன்று, இப்போது நாம் எழுதும் பாரதி பிரெயில் 1951-இல்தான் நாடு முழுவதற்கும் பொதுவாக ஏற்கப்பட்டது. அதற்கு முன் பல முறைகள் இருந்தன. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். அந்தக் காலத்துத் தாள் யாரிடமாவது இருந்தால் இன்றைய பிரெயில் தெரிந்தவர் படித்தாலும் புரியாமல் போகலாம். புரியவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.


நாட்குறிப்பு
செவ்வாய், காலை 11.00

எல்லோரும் காப்பாற்ற வேண்டும் என்கிறீர்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரி பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் பார்வையற்றவள். பதினான்கு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன், பிரெயிலில். எங்கள் வீட்டில் எனக்கென்று தனி அறை கிடையாது. போன் பேசினால் பக்கத்தில் கேட்பார்கள். எனக்கு வரும் கடிதத்தை யாராவது வாசித்துக் காட்டினால்தான் உண்டு, அதாவது எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். வாழ்க்கையில் எனக்கே எனக்கென்று இருந்த ஒரே இடம் அந்தத் தாள். வீட்டில் யாராலும் அதைப் படிக்க முடியாது என்ற நிம்மதியில்தான் எல்லாவற்றையும் எழுதினேன்.

நாளைக்கு நான் போன பிறகு, விளக்கு வைத்துப் படம் எடுத்து, வரலாறு என்று எல்லோருக்கும் திறந்துவிடுவீர்களா? ஐயா எழுதியதில் எது ஊருக்கு, எது அவருக்கு மட்டும் என்று யார் முடிவு செய்வது? பார்வையுள்ளவர்கள் நாட்குறிப்பைப் பூட்டி வைக்கிறார்கள். எங்களுக்குப் புள்ளிகள்தான் பூட்டு.


ஆறுபுள்ளி
செவ்வாய், மதியம் 2.10

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. ஐயாவின் தாளில் ஒரு பக்கம் அப்படிப்பட்டதுதான். படித்துக்கொண்டே போனவன் அங்கே கையை எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், படம் எடுக்க மாட்டேன். அதை அக்காவிடம், ஐயாவின் மகளிடம், கொடுப்பதா வேண்டாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.


ஏடுதேடி
செவ்வாய், மாலை 6.45

நாட்குறிப்பு அம்மா சொன்னது நியாயம். சட்டப்படியும் அப்படித்தான். எழுதியவர் இறந்த பிறகும் உரிமை வாரிசுகளுக்குத்தான். 2013-இல் வந்த மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்ற நாடு இந்தியா. ஆனால் அது அச்சு நூலைப் பார்வையற்றவர் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற வழி செய்கிறது. பார்வையற்றவர் பிரெயிலில் எழுதியதை எடுத்துப் பதிப்பிக்க அது யாருக்கும் அனுமதி தரவில்லை. கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஆகவே உயிரோடு இருப்பவர்களிடம் இப்போதே கேட்டுவிடுவது நல்லது. எது வெளியே போகலாம், எதை எரித்துவிட வேண்டும், எதை இருபது வருடம் கழித்துத் திறக்கலாம். ஒரு தாளில் எழுதி, கூடவே மையிலும் எழுதிக் கட்டின் மேல் வைத்துவிடலாம். "இது வெறும் தாள் அல்ல, எழுத்து இருக்கிறது" என்ற ஒரு வரியாவது மையில் இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போகாது.


பூத்துக்காரர்
செவ்வாய், இரவு 10.20

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. எங்களைப் பற்றிப் பத்திரிகையில் வருவதெல்லாம் சாதனையாளர் கதைதான். மலை ஏறினார், கலெக்டர் ஆனார். அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் நாற்காலிக்குப் பிரம்பு பின்னியவர்கள், நெசவுப் பயிற்சி என்று அனுப்பப்பட்டவர்கள், என்னைப் போல எஸ்.டி.டி. பூத் வைத்து, செல்போன் வந்ததும் மூடியவர்கள், ரயிலில் கடலைமிட்டாய் விற்றவர்கள், இவர்கள் வரலாறு எங்கே? 1995-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்துதான் அரசு வேலையில் பார்வையற்றோருக்கு ஒரு சதவீத இடம் என்று ஆனது. அதற்கு முன்னும் பின்னும் பட்டம் வாங்கி வைத்துக்கொண்டு சாலையில் உட்கார்ந்து போராடியவர்கள் நாங்கள். அந்த நோட்டீஸ், அந்தக் கோஷம், வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே இறக்கிவிட்ட இரவு, அங்கிருந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடந்து வந்தது, இதையெல்லாம் யாராவது பதிய வேண்டும். உங்கள் ஐயாவின் விடுதிச் செலவுக் கணக்கைக் கவிதையைப் போலவே கவனமாக வையுங்கள் தம்பி. அதில்தான் நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று இருக்கும்.


காலண்டர்த்தாள்
புதன், காலை 9.00

ஒன்று சொல்ல வேண்டும். எதைச் சேமித்தாலும் அதை நாங்கள் படிக்க முடிகிற மாதிரி சேமியுங்கள். அந்தகக்கவியின் நூலைத் தேடி இணையத்தில் ஒரு பழைய பதிப்பின் பிடிஎஃப் இறக்கினேன். முழுக்கப் படம். ஸ்கிரீன் ரீடர் "வெற்றுப் பக்கம்" என்கிறது. எங்கள் புலவர், எங்களால்தான் படிக்க முடியவில்லை. அன்றைக்கு மனம் மிகவும் நொந்துபோனது.

அமெரிக்காவில் ஹெலன் கெல்லரின் கடிதங்களையும் ஆவணங்களையும் 2018-இல் இணையத்தில் வெளியிட்டபோது, பார்வையற்றவர்களும் காது கேளாதவர்களும் தாங்களே தேடிப் படிக்கும்படி செய்தார்கள். படத்துக்கு விளக்கம், கடிதத்துக்கு எழுத்துப்படி. அவருடைய தாள்களில் இன்னொரு பகுதி வேறு அமைப்பு ஒன்றிடம் நியூயார்க்கில் இருந்தது, 2001 செப்டம்பர் 11 அழிவில் போயே போய்விட்டது. ஒரே இடத்தில் ஒரே பிரதி வைக்கக் கூடாது என்பதை அதிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். பாரிஸில் 1886-லேயே இதற்கென ஓர் அருங்காட்சியகம் வந்துவிட்டது. தொடங்கியவர் எட்கார் கில்போ, பார்வையற்ற ஆசிரியர். நாமே தொடங்கினால்தான் நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.


ஆறுபுள்ளி
அடுத்த ஞாயிறு, இரவு 9.15

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய பேப்பர் கடைக்கு அக்காவோடு போனேன். மூட்டைகள் எல்லாம் மில்லுக்குப் போய்விட்டன. ஆனால் கடைக்காரர் கெட்டித் தாள் என்று கொஞ்சத்தைத் தனியாக எடுத்து, பொட்டலம் மடிக்கப் பக்கத்து மளிகைக் கடைக்குக் கொடுத்திருந்தார். மளிகைக் கடை அண்ணாச்சி விஷயம் தெரிந்ததும் மிச்சம் இருந்ததை அப்படியே கொடுத்துவிட்டார், காசு வாங்கவில்லை. இருபத்திரண்டு தாள். இரண்டில் சீரக வாசனை.

தட்டச்சுக்கை சொன்ன மாதிரி விளக்கைத் தாழ்த்தி வைத்து அக்காவே படம் எடுத்தார். நான் விரலால் படித்துச் சொல்ல, அவர் கணினியில் அடித்தார். எனக்குத் தட்டாத புள்ளி சில இடத்தில் அவர் படத்தில் நிழலாகத் தெரிந்தது. அவர் கண்ணுக்குத் தெரியாதது சில இடத்தில் என் விரலுக்குத் தட்டியது. இப்படியே பதினேழு பக்கம் முடித்திருக்கிறோம். நடுவில் அக்கா எழுத்துகளைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டார். க, ச, ப, ம, ந வரைக்கும் வந்துவிட்டார். தனியாக எடுத்து வைத்த அந்தப் பக்கத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன். "என்கிட்ட கொடுத்துடு தம்பி. நான் படிக்கக் கத்துக்கிட்டா நானே படிச்சுக்கறேன்" என்றார். கொடுத்துவிட்டேன்.

பூத்துக்காரர் ஐயா, விடுதிக் கணக்கு முழுசாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சுண்டல்.

ஒரு வெண்பாவில் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறோம். மூன்றாம் அடியின் முதல் சொல். "தி" தெளிவாக இருக்கிறது. முன்னால் உள்ள எழுத்தில் ஒன்று, மூன்று, நான்கு புள்ளிகள் உறுதி. அதோடு முடிந்தால் ம. ஐந்தாம் புள்ளி இருந்து அமுங்கியிருந்தால் ந. இரண்டாம் புள்ளி இருந்து அமுங்கியிருந்தால் ப. மதி, நதி, பதி மூன்றும் தளை தட்டாமல் நிற்கின்றன, மூன்றுக்கும் எதுகை பொருந்துகிறது. ஐயா தாமிரபரணிக் கரையில் பிறந்தவர், அதனால் நதிதான் என்கிறேன் நான். அக்கா, "அப்பா நிலாவைப் பத்தி என்கிட்ட நிறையக் கேப்பாரு, எப்படி இருக்கும், இன்னைக்கு எவ்வளவு இருக்குன்னு" என்கிறார். விளக்கை நான்கு பக்கமும் மாற்றி வைத்துப் பார்த்துவிட்டோம். இப்போதைக்கு மூன்று சொல்லையும் எழுதி, பக்கத்தில் குறி போட்டு வைத்திருக்கிறோம். பிரெயில் படிக்கிறவர்கள் யாராவது திருநெல்வேலிப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். தாள் என்னிடம்தான் இருக்கிறது, நிறுத்தி வைத்திருக்கிறேன்.